தொட்டிலில் தூங்கினாள்

ராஜபாளையம்
15.06.2025

பெனிட்டாவின் அத்தைக்கு,

அக்சா எழுதுவது. நாளை முதல் நான் மறுபடி காக்கிச் சட்டை போடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டூட்டி. பிள்ளை வயிற்றில் இருந்தபோதே டாக்டர் என்னைப் படுக்கையில் போட்டுவிட்டதால், பேறுகால விடுப்பில் பாதிக்கு மேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கரைந்துவிட்டது. ஐந்து மாதப் பிள்ளையை விட்டுவிட்டு நான் ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை.

உங்கள் தம்பி ராஜஸ்தான் பார்டரில் இருந்துகொண்டு உங்களிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கெஞ்சியதால்தான் இந்த ஏற்பாடு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையையும் பையையும் உங்கள் வீட்டுக்காரர் சின்னத்துரை அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஆட்டோவை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டு உங்கள் வீட்டுக்கு நடந்து வந்துவிடுவார். சாயங்காலமும் அப்படியே.

இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஏப்ரலில், ஞானஸ்நான விருந்தன்று, நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்தோம். அதிலிருந்து முகம் பார்க்கவில்லை. போனில் பேசினால் வார்த்தை வளரும். எழுத உட்கார்ந்தால் பேனாவைத் தேடுவதற்குள்ளேயே பாதிக் கோபம் அடங்கிவிடுகிறது. ஆகவே சொல்ல வேண்டியது எதுவானாலும் எழுதி, பிள்ளையின் பையில் துணிகளுக்கு அடியில் வையுங்கள்.

ஒன்றே ஒன்று முக்கியம். பகல் தூக்கம். தொட்டிலில் மட்டுமே போடவும். மடியில், தோளில், மார்பில் போட்டுத் தூங்கவைக்க வேண்டாம். அது பழகிவிட்டால், வேலைக்குப் போகிறவள் வீட்டில் யார் உட்கார்ந்து சுமப்பது? ஒரு மாதமாகப் படாத பாடுபட்டு அவளைத் தொட்டில் பக்கம் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணைக் கசக்க ஆரம்பித்ததுமே போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அழுகை பிடித்துக்கொள்ளும், பிறகு யாராலும் ஆகாது.

தூங்கினாளா, எங்கே தூங்கினாள் என்று தினமும் ஒரு வரி எழுதினால் போதும்.

அக்சா

ஸ்ரீவில்லிபுத்தூர்
16.06.2025

பெனிட்டாவின் அம்மாவுக்கு,

'கர்த்தருக்குள் அன்பான' என்று ஆரம்பிப்பதுதான் என் பழக்கம். இன்றைக்கு மனம் வரவில்லை. மனதில் இல்லாததை எழுதி அவரையும் அதில் இழுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா, குற்றப்பத்திரிகையா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். "என்னட்டி எழுதியிருக்கா?" என்று இவர் கேட்டார். "பிள்ளைய எங்கெங்க வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா. தலை மேல வைக்கக் கூடாதுன்னு மட்டும் எழுதல, மறந்துட்டா போல" என்றேன். அதற்கு அவர், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரனாயிட்டேன். ஸ்டாம்பு காசாவது குடுங்க" என்கிறார்.

உன் புருஷனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். எங்கள் அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் அவன் என்னோடுதான் கிடந்தான். பிள்ளை கண்ணைக் கசக்கினால் தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உத்தரவு தேவையில்லை.

பெனிட்டா காலையில் என் முகத்தைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். உன் முகம் எதிலும் இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. 'என்னக்கா, பிள்ளைய அடிக்கியளா' என்று எதிர்வீட்டு முத்துப்பேச்சி கேட்டாள். அழுது அழுது உச்சி வெயிலில்தான் அடங்கினாள். பிறகு நன்றாகத் தூங்கினாள்.

எங்கே தூங்கினாள் என்று கேட்டிருந்தாய். தொட்டிலில் தூங்கினாள். போதுமா?

பால் பற்றவில்லை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்துவிடு.

ஏசம்மாள்

ராஜபாளையம்
22.06.2025

பெனிட்டாவின் அத்தைக்கு,

ஒரு வாரம் ஓடிவிட்டது. தினமும் பையில் 'தொட்டிலில் தூங்கினாள்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. சாட்சிக்கூண்டுப் பக்கத்தில் நிற்கும்போது பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனக்கிறது. அப்போதெல்லாம் அந்த வரியை நினைத்துக்கொள்கிறேன். அதற்கு நன்றி. நன்றி சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஓய்வு நாள். இன்று அவள் பகலில் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

கண்ணைக் கசக்கினாள். உடனே தொட்டிலில் போட்டேன். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். எடுத்தேன், அடங்கினாள். போட்டேன், கத்தினாள். ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினேன். காலிங் பெல் வயரைப் பிடுங்கினேன். குக்கர் விசில் அடிக்குமென்று சோற்றைச் சட்டியில் வடித்தேன். மாடிவீட்டுக்காரர்கள் மிக்ஸி போட்டபோது மேலே போய், யூனிபார்ம் இல்லாமலேயே போலீஸ் தோரணையில் பேசிவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பொழுது சாயும்போது பால் குடித்துக்கொண்டே களைத்துப்போய்க் கண்ணை மூடினாள். அதன் பேர் தூக்கமில்லை, மயக்கம்.

உங்களிடம் தூங்குகிறவள் என்னிடம் ஏன் தூங்கவில்லை? நீங்கள் விருந்தில் சொன்னது காதிலேயே நிற்கிறது. 'சம்பளத்துக்காகப் பச்சப்பிள்ளையப் பிரியுறவ என்ன தாயி' என்றீர்கள். பிரியாணி இலை முன்னால் ஐம்பது பேர். நானும் சும்மா இருக்கவில்லை. 'உங்க மகன நீங்க கயிறு கட்டித்தான வளத்தீங்க, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க' என்றேன். அடிக்கு அடி சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே தூங்க மறுக்கும்போது, நீங்கள் சொன்னதுதான் ஜெயிக்கிறது போலிருக்கிறது.

தொட்டிலுக்கு என்ன சேலை கட்டுகிறீர்கள், என்ன பாடுகிறீர்கள் என்று எழுதுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அக்சா

ஸ்ரீவில்லிபுத்தூர்
23.06.2025

பெனிட்டாவின் அம்மாவுக்கு,

பழைய சுங்குடிச் சேலை ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். புதுச் சேலை பிள்ளைக்கு உறுத்தும். இதைக் கட்டிப் பார். பாட்டெல்லாம் ஒன்றுமில்லை. என் குரலுக்குப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும். சும்மா 'ம்... ம்...' என்று ஒரே சுருதியில் முனகுவேன். அதுவே போதும் அவளுக்கு.

ஊரடங்கு மாதிரி வீட்டை அமைதியாக்காதே. இங்கே லாரி போகிறது, குழாயடியில் சண்டை நடக்கிறது. அவள் பாட்டுக்குத் தூங்குகிறாள். தொட்டிலில்தான்.

கயிற்றுப் பேச்சை நீயே எடுத்துவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை உனக்குச் சொன்னது யார்? நான்தான். நீ கல்யாணமாகி வந்த புதிதில், என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக நைட்டிகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாய். அப்போது சொன்னேன். என் மகன் ஜெபசிங் கைப்பிள்ளையாக இருந்தபோது அவனைத் தொட்டிலில் போட்டு, தொட்டில் கயிற்றின் நுனியை என் இடது கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வேன். வலது கால் மிஷினை மிதிக்கும், இடது கால் தொட்டிலை ஆட்டும். இவருக்கு அப்போது ஆட்டோகூட இல்லை. தைத்தால்தான் அடுப்பு எரியும். நீ அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, 'எப்படி மதினி சமாளிச்சீங்க' என்று கேட்டாய். அப்படிக் கேட்ட வாய்தான் அதைப் பந்தியில் தூக்கி வீசியது.

நான் சொன்னதும் தப்புதான். அது கோபத்தில் வந்தது. நீ சொன்னது நான் உன்னை நம்பிக் கொடுத்ததிலிருந்து வந்தது. அதனால் சரிக்குச் சரி என்று எழுதாதே.

ஏசம்மாள்

ராஜபாளையம்
06.07.2025

பெனிட்டாவின் அத்தைக்கு,

சுங்குடிச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். சேலையைத் தொட்டதும் முகர்ந்தாள், சிரித்தாள், பிறகு வழக்கம்போல வில்லாக வளைந்தாள். போன ஞாயிறும் தூங்கவில்லை, இந்த ஞாயிறும் தூங்கவில்லை. 'ம்... ம்...' என்று முனகியும் பார்த்தேன். மாடிவீட்டு அம்மா, 'பல்வலியா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று. அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. சின்னச் சின்னப் பல் வைத்த மாதிரி நேராக இறங்குகிறது. இந்த வாரத்திலேயே இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டேன். வீக்கமில்லை. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் மங்கிவிடுகிறது. அது என்ன?

பஸ் ஸ்டாண்டில் அண்ணனிடம் பேச்சுவாக்கில், 'மதினிக்குத் தையல் ஆர்டர் எப்படி?' என்று கேட்டேன். "மிஷின் மேல துணி மூடிக் கெடக்கு தங்கச்சி. வந்த ஆர்டரையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா" என்றார். பிள்ளை தொட்டிலில் அவ்வளவு நன்றாகத் தூங்கினால், நீங்கள் ஏன் தைக்கவில்லை? எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறார்கள். ஆகஸ்டு ஒன்றாம் தேதி சேர்க்கலாம் என்கிறார்கள். அங்கே வரிசையாகத் தொட்டில் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒரு விதம், இங்கே ஒரு விதம் என்று இருப்பதால்தான் அவள் குழம்புகிறாளோ என்னவோ. அல்லது என்னைப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லையோ. இதை எழுதவே கை கூசுகிறது.

அக்சா

ஸ்ரீவில்லிபுத்தூர்
07.07.2025

அக்சாவுக்கு,

காப்பகம் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோடு ஒன்றுமில்லை. தொட்டில் சேலையின் மடிப்பு அழுந்தியிருக்கும். அல்லது எறும்பாக இருக்கும். மழைக்கு முன்னால் எறும்பு நிறைய வருகிறது. அவளே நகத்தால் கீறிக்கொண்டாலும் அப்படி விழும், இன்றைக்கு நகம் வெட்டிவிட்டேன். மிஷின் ரிப்பேர். இவருக்கு அது தெரியாது. எதையாவது உளறிவைப்பார்.

பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடாதே. பத்துப் பிள்ளை அழுகிற இடத்தில் ஒரு பிள்ளை அழுவது யாருக்குக் கேட்கும்? இங்கே அவளுக்கு நான் இருக்கிறேன். இப்போதெல்லாம் உன்னைத் தேடி அழுவதில்லை. எழுதிவிட்டேனே தவிர, இது உனக்குச் சந்தோஷம் தருமா என்று தெரியவில்லை. தேடுகிறாள், அழாமல் தேடுகிறாள் என்று வைத்துக்கொள். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும் நேரம் அவளுக்கே தெரிகிறது. இவர் சட்டையை மாட்டியதும் காலை உதைத்துக்கொண்டு கையை நீட்டுகிறாள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். தொட்டிலில்தான் தூங்குகிறாள். இந்த மாதக் கடைசிவரை பொறுத்துப் பார்.

ஏசம்மாள்

ராஜபாளையம்
20.07.2025

மதினிக்கு,

இரண்டு நாளாகச் சாரல் விடாமல் அடிக்கிறது. கொடியில் போட்ட துணி ஒன்றுகூடக் காயவில்லை. மாற்றிக்கட்ட எதுவுமில்லாமல் பீரோவைக் குடைந்தபோது, நீங்கள் தைத்துக் கொடுத்த நைட்டி கவர் பிரிக்காமல் கிடந்தது. பால் கொடுக்க வசதியாக முன்னால் நீளமாக ஜிப் வைத்துத் தைத்தது. ஞானஸ்நானத்தன்று காலையில் கொடுத்தீர்கள். மத்தியானம் சண்டை வந்துவிட்டதால் நான் அதைத் தொடவேயில்லை. இன்று வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டேன்.

பெனிட்டா கண்ணைக் கசக்கினாள். தொட்டிலில் போட்டேன், வழக்கமான கூத்து. மூன்றாவது தடவை எடுத்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவள் முகத்தை அந்த ஜிப்பில் இப்படியும் அப்படியும் தேய்த்தாள். தெரிந்த இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். தூங்கிவிட்டாள். மழை நின்று, மறுபடி பெய்து, மறுபடி நிற்கும்வரை தூங்கினாள்.

எழுந்து தலையைத் தூக்கினாள். இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு. சின்னச் சின்னப் பல்.

தொட்டிலுக்கு ஜிப் கிடையாது மதினி.

நீங்கள் வீட்டில் போடுவதும் இதே தையல்தான், இதே ஜிப்தான். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிறவரைக் கோர்ட்டில் நான் தினமும் பார்க்கிறேன். சேலை மடிப்பு, எறும்பு, நகம் என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். 

கோபமாக இருக்கிறது. அதை மறைக்கவில்லை. ஐந்து வாரமாகத் தினமும் ஒரு பொய்யைப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதை நம்பி நான் ஒவ்வொரு ஞாயிறும் தொட்டில் முன்னால் தோற்றவளாக உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். நெஞ்சில் போட்டுத்தான் தூங்கவைக்கிறேன் என்று ஒரு வரி உண்மையை எழுதியிருந்தால், நான் அத்தனை நாள் அழுதிருக்க மாட்டேன்.

ஏன் அப்படிச் செய்தீர்கள்? எழுதுங்கள்.

அக்சா

ராஜபாளையம்
24.07.2025

மதினிக்கு,

திங்கள் முதல் பை மட்டும்தான் வருகிறது. துணி மடித்திருக்கிறது, பால் பாட்டில் கழுவியிருக்கிறது, காகிதம் இல்லை. நேற்றுப் பையைக் கவிழ்த்து உதறியும் பார்த்துவிட்டேன். கோபத்தில் எழுதுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தச் சும்மா இருப்பது தாங்கவில்லை.

அண்ணனிடம் கேட்டேன். "அவ யாருட்டயும் பேசல தங்கச்சி. பிள்ளைய மட்டும் கீழ விடாம வச்சிருக்கா. அந்தக் கடிதாசியப் படிச்ச பொறவு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கல" என்றார். 

ஐந்து வாரம் மிஷினை மூடிவைத்துவிட்டு என் பிள்ளையைச் சுமந்திருக்கிறீர்கள். அதை நான் விசாரணைக் கைதியைக் கேட்பது மாதிரிக் கேட்டுவிட்டேன். அது என் தொழில் புத்தி. 

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று பந்தியில் நான் சொன்னது தப்பு. நீங்கள் என்னை நம்பிச் சொன்னதை எடுத்து, வலிக்கும் என்று தெரிந்தே வீசினேன். மன்னித்துவிடுங்கள். இது பொய்க்கு ஈடாகச் சொல்வதில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

அக்சா

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.07.2025

கர்த்தருக்குள் அன்பான அக்சாவுக்கு,

இன்றைக்கு மனம் வந்தது, எழுதிவிட்டேன்.

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன். பெனிட்டா முதல் நாள் வந்தபோது நீ சொன்னபடியேதான் செய்ய நினைத்தேன். ஜெபசிங்குக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் உத்தரத்தில் அப்படியே இருக்கிறது. அதில்தான் கட்டினேன். அவளைப் போட்டேன். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என் இடது கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. கயிறு கையில் இருக்கிறது, கால் ஆடுகிறது. இத்தனை வருஷம் கழித்து! நீ பந்தியில் சொன்னது அப்படியே வந்து முகத்தில் அடித்தது. பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டேன். அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கினாள். அன்றைக்கே அவிழ்த்த தொட்டிலை நான் மறுபடி கட்டவில்லை.

அவள் தூங்கும்போது மூக்கு நுனியில் வேர்க்கும். மேல் உதடு பால் குடிப்பது மாதிரித் துடிக்கும். சில நேரம் கனவில் சிரிப்பாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே, ஜெபசிங் தூங்கும்போது எப்படி இருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகமே வரவில்லை அக்சா. தொட்டில் சேலையின் கீழே புடைத்துக்கொண்டு தெரியுமே ஒரு உருண்டை, அதுதான் ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளையின் தூக்கத்தை நான் துணிக்கு வெளியேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். என் கண் முழுக்க ஊசி மேல்தான் இருந்திருக்கிறது. வேறு வழியில்லை, அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிள்ளையை இறக்கிவைக்க எனக்கு மனசில்லை.

உண்மையை எழுதினால் நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். அதனால் தொட்டில், தொட்டில் என்று எழுதினேன். நீ அங்கே ஒவ்வொரு ஞாயிறும் அழுதுகொண்டிருக்கிறாய் என்பது என் புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தும் எழுதாமல் இருந்தேனோ என்னவோ. அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று ஜெபசிங்குக்குப் போன் போட்டேன். "ஏலே, உன்னத் தொட்டில்லயே போட்டு வளத்தேனே, எம்மேல கோபமாலே?" என்று கேட்டேன். திருப்பூரில் பனியன் கம்பெனிச் சத்தத்துக்கு நடுவே அவன் சிரிக்கிறான். "என்னம்மா திடீர்னு? மிஷின் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது. மத்தியானம் சாப்பிட்டுட்டு இங்கனயே படுத்தா எம்புட்டுச் சுகமாத் தூங்குதேன் தெரியுமா?" என்றான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் போனை வைத்தேன்.

இனி முடிவு உன்னுடையது. காப்பகத்தில் சேர்ப்பதானாலும் சேர். தடுக்க எனக்கு வாயில்லை. அவள் அங்கே அழுதால், நைட்டி ஒன்றை அவள் பையில் போட்டு அனுப்பு. 

ஏசம்மாள்

ராஜபாளையம்
27.07.2025

அன்பு மதினிக்கு,

காப்பகத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பீர்கள்.

இன்றும் அவள் என் மேல்தான் தூங்கினாள். போன் கைக்கெட்டாத தூரத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது. கால் மரத்துப்போனது. கூப்பிட்ட குரலுக்கு ஓடும் வேலையில் சேர்ந்ததிலிருந்து நான் இப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை. மூக்கு நுனியில் வேர்ப்பதைப் பார்த்தேன். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் கவனித்திருப்பேனா என்று தெரியவில்லை. இத்தனை வாரமும் நான் அவளுடைய தூக்கத்தைக் காவல் காத்தேன், பார்க்கவில்லை.

ஆனாலும் நீங்கள் தைக்க வேண்டும். அண்ணன் ஆட்டோவை மட்டும் நம்பி வீடு ஓடாது, எனக்குத் தெரியும். காலைத் தூக்கம் தொட்டிலில், மத்தியானத் தூக்கம் உங்கள் மேல். ஞாயிறு இங்கேயும் அப்படியே. மெதுவாகப் பழகட்டும். தொட்டிலைக் கையால் ஆட்டுங்கள். கால் ஆடினால் ஆடட்டும், அது பாவம் என்ன செய்யும்? அந்தக் காலால்தான் ஒரு பிள்ளையை ஆளாக்கியிருக்கிறீர்கள்.

நாளை ஆடிப்பூரத் தேர். எனக்கு அங்கே பந்தோபஸ்து. கருக்கலிலேயே கிளம்பி வந்து பிள்ளையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலைந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன், அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

நம் சண்டை முடிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால்தான் மீதி தெரியும்.

அக்சா

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.07.2025

அக்சா,

இவர் வெறுங்கையோடு வருகிறாரே என்று பயந்துவிடாதே. கூட்டம் எங்கள் தெருமுனைவரை நிற்கிறது. இந்த நெரிசலில் பிள்ளையைக் கொடுத்தனுப்ப மாட்டேன்.

காலையில் தொட்டிலில் தூங்கினாள். இந்தத் தடவை நிஜம், இவரைச் சாட்சிக்குக் கேட்டுக்கொள். கொட்டுச் சத்தம் கிட்டத்தில் வந்ததும் எழுந்துவிட்டாள். அதற்குள் மிஷினைத் திறந்து ஒரு நைட்டிக்கு ஒரு கை மட்டும் தைத்து முடித்தேன். இப்போது என் மேல் கிடக்கிறாள். இதைக்கூட அவள் முதுகில் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து மூச்சு வாங்குகிறது.

நீயே வா. கதவைத் தட்டாதே, தாழ் போடவில்லை. பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிடு. வந்ததும் பேச்சை ஆரம்பிக்காதே. பேச எவ்வளவோ இருக்கிறது, அவள் எழுந்த பிறகு பேசலாம். கருக்கலிலிருந்து வெயிலில் நிற்கிறாய். எங்கள் பக்கத்தில் உனக்கும் பாய் விரித்திருக்கிறேன். செத்த நேரம் தூங்கு.

மதினி